துரை மூச்சா போனது யார் தப்பு?

டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க. முழுக்க முழுக்க கக்கா, மூச்சா சமாச்சாரம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ராத்திரி ரெண்டரை மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சு, தூக்கக் கலக்கத்துல இருட்டுக்குள்ள நாலு எட்டு வெச்சு, அஞ்சாவது எட்டுல கால் வெதுவெதுன்னு நனைஞ்ச அனுபவம் உங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கு? எனக்கு ஒரே வாரத்துல மூணு தடவை கிடைச்சது. மூணாவது தடவை வழுக்கி, டைனிங் டேபிள் காலைப் பிடிச்சுத் தொங்கி, வாயில வந்ததை எல்லாம் சொல்லி... சரி விடுங்க. கைங்கரியம் நம்ம துரையோடது.

துரை யாருன்னு சொல்லிடறேன். ராஜபாளையம் குட்டி. சுத்த வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு. பையன் வெச்ச பேரு 'தோர்'. எங்கம்மாவுக்கு அது வாயில நுழையல. "என்னடா பேரு, தோரு மோரு"ன்னுட்டு 'துரை'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. கலரும் வெள்ளைக்காரத் துரை கலர்தானே, அதுவே நின்னு போச்சு. மதுரையிலேர்ந்து கார் எடுத்துக்கிட்டுப் போய், ராஜபாளையத்துல தெரிஞ்சவர் வீட்டுல தாயையும் பார்த்துட்டு, அறுபது நாள் ஆனதும் தூக்கிட்டு வந்தோம். தபால் துறை 2005 ஜனவரியில நாலு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் போட்டாங்களே, அதுல நம்மாளும் ஒருத்தர். அந்தப் பெருமை எல்லாம் எனக்குத்தான். அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் மொசைக் தரை, கால்மிதி, தங்கமணியோட ஜமுக்காளம். இது மூணையும் வஞ்சனை இல்லாம நனைக்கணும், அவ்வளவுதான்.

வீட்டுல உடனே ரெண்டு கட்சி உருவாயிருச்சு. பையனும் அம்மாவும் 'குழந்தை பாவம்' கட்சி. அப்பா 'அடியாத மாடு படியாது' கட்சி. தங்கமணி ரெண்டுலயும் சேராத நடுநிலை. "யாரு வேணா எப்படி வேணா வளங்க, ஆனா மாப்பு போடுறது நான் இல்ல" கட்சி. நான் ஆபீஸ்ல ஆணி புடுங்கப் போற கட்சி. ஹி ஹி.

அப்பாவோட வைத்தியம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். குட்டி எங்க போயிருக்கோ அங்கயே கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும். மூக்கை அதுலயே தேய்க்கணும். பேப்பரைச் சுருட்டி முதுகுல நாலு போடு. "அப்பத்தான்டா அதுக்கு உறைக்கும். யாரு எஜமான்னு மொதல்லயே காட்டிரணும். இது பெரிய சாதி நாயி, விட்டா தலைக்கு மேல ஏறிரும்." சொல்றவர் எழுபத்தி நாலு வயசுப் பெரியவர், சின்ன வயசுல மாடு, நாய் எல்லாம் வளத்தவர். நான் என்னத்தைச் சொல்ல? நானும் ரெண்டு தடவை பேப்பரை எடுத்தேன். இதை ஒத்துக்கிட்டுத்தான் மேல எழுதணும்.

பத்து நாள் ஆச்சு. நிலைமை மோசமாச்சே தவிர குறையல. ரெண்டு புது விஷயம் சேர்ந்துச்சு. ஒண்ணு, துரை நாங்க பார்க்கும்போது போறதில்ல. சோபாவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில, பீரோ சந்துல போய் முடிச்சிட்டு வந்துருவார். ரெண்டாவதுதான் ரொம்ப மோசம். அப்பா ஹாலுக்குள்ள நுழைஞ்சாலே போதும், அப்படியே தரையோட தரையா ஒட்டி, காதை மடிச்சு, வயித்தைக் காட்டி மல்லாந்து... அங்கயே மூச்சா. "பாத்தியாடா, என்னையப் பாத்துக்கிட்டே போகுது. எவ்வளவு கொழுப்பு!"ன்னு அப்பா கத்த, அது இன்னும் கொஞ்சம் போக, அவர் இன்னும் கத்த...

தடுப்பூசி போடப் போனப்ப டாக்டர்கிட்ட இதைத்தான் கேட்டேன். அவர் சிரிக்கல. "கொழுப்பு இல்ல சார். அது 'நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடற மாதிரி. பெரிய நாய் முன்னாடி குட்டி அப்படித்தான் செய்யும். நீங்க அதுக்கும் அடிச்சா, கும்பிட்டது பத்தலைபோலன்னு இன்னும் போகும்"னார்.

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. நாங்க எதை நிறுத்தறதுக்கு அடிக்கிறோமோ, அந்த அடிதான் அதைக் கொண்டுவருது.

இந்த 'தப்பு பண்ணிட்டு முழிக்குது பாரு' மேட்டரையும் சொல்லிடறேன். அமெரிக்காவுல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர். 2009ல ஒரு சோதனை செஞ்சு வெளியிட்டாங்க. நாய் முன்னாடி தின்பண்டம் வெச்சு, 'தொடாதே'ன்னு சொல்லிட்டு வளர்க்கிறவர் வெளிய போயிடணும். திரும்பி வரும்போது சில பேர்கிட்ட நிஜத்தைச் சொன்னாங்க, சில பேர்கிட்ட வேணும்னே பொய் சொன்னாங்க. தின்னாத நாயைத் தின்னுடுச்சுன்னு நம்பித் திட்டினவங்களும் அதுல உண்டு. நாயோட அந்தத் திருட்டு முழிக்கும் அது தப்பு செஞ்சதுக்கும் சம்பந்தமே இல்ல, திட்டு வாங்கினதுக்குத்தான் அந்த முழின்னு தெரிஞ்சது. ஒண்ணுமே செய்யாத நாய்கூட திட்டினா அப்படித்தான் முழிச்சது. அதாவது அது நம்ம மூஞ்சியைத்தான் படிக்குது, அரை மணி முன்னாடி செஞ்ச காரியத்தை நினைச்சுக் கூனிக் குறுகல. அப்புறம் மூக்கைத் தேய்ச்சா என்ன பாடம் ஏறும்? 'இந்த ஆளு திடீர்னு வந்து கழுத்தைப் பிடிப்பாரு, இவரு கண்ணுல படாம போறதுதான் நல்லது.' இந்தப் பாடத்தைத்தான் துரை பீரோ சந்துல படிச்சிட்டு இருந்தார்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. இதை இத்தனை வருஷமா எங்கயும் எழுதினதில்ல.

சோழவந்தான்ல இருந்தப்ப எங்க வீட்டுல மணின்னு ஒரு நாய். நான் நாலாங்கிளாஸ். கோயில் பக்கத்துலேர்ந்து நான்தான் டவுசர் பாக்கெட்டுல வெச்சுக்காத குறையா தூக்கிட்டு வந்தேன். சாதா நாட்டு நாய்தான். அதுவும் பாயை நனைச்சுது, நெல்லு மூட்டையை நனைச்சுது. இதே வைத்தியம்தான். அப்புறம் சங்கிலி போட்டுத் தூண்ல கட்டிட்டாங்க. நாள் பூரா கட்டிக் கிடக்கிற நாய் என்ன பண்ணும்? படுத்த இடத்துலயே போகும். பொதுவா நாய் தான் படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணாது, அந்த இயல்பான சுத்தத்தை நாமளே சங்கிலி போட்டு அழிச்சிடறோம். அதுக்கும் அடி. ஒரு நாள் அப்பா கம்பை ஓங்கினப்ப மணி முதல் தடவையா திரும்பி அவர் கையைப் பிடிச்சிருச்சு. பெரிய கடி இல்ல, பல் பட்டுது. அன்னிக்குச் சாயங்காலமே சாக்குல போட்டு, சைக்கிள் கேரியர்ல கட்டி, வைகைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டார். நான் ரொம்ப நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் ஆத்தங்கரையில நின்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். வரல.

அந்தக் காலத்துல அதுதான் வழக்கம். யாரும் அதைக் கொடுமைன்னு நினைக்கல. ஆனா கணக்கைப் பாருங்க. பழக்கத் தெரியாம அடிச்சோம், அடிச்சதால பயந்துச்சு, பயந்ததால கடிச்சுது, கடிச்சதால தெருவுக்குப் போச்சு. இந்தப் பாதையிலதான் துரையும் பாதித் தூரம் வந்துட்டார்னு டாக்டர் வீட்டு வாசல்ல நிக்கும்போது எனக்கு உறைச்சுது. துரை வளர்ந்தா தோள் உயரமே 65லேர்ந்து 75 சென்டிமீட்டர். இந்த சைஸ் நாய் பயத்துல திரும்பினா பல் படறதோட நிக்காது. குட்டியா இருக்கும்போது நாம ஏத்துற பயத்துக்கு, பெருசானப்புறம் வட்டியும் முதலுமா யாரோ ஒரு பக்கத்து வீட்டுக் குழந்தை கட்டவேண்டி வரலாம். இதுக்காகத்தான் 'பெரிய சாதி நாய், அடிச்சு வை'ங்கறது தலைகீழ் யோசனைன்னு சொல்றேன். பெரிய நாய்ங்கறதாலேயே அடிக்கக் கூடாது.

'எஜமான் யாருன்னு காட்டணும்'ங்கறதுக்கும் ஒரு வார்த்தை. ஓநாய்க் கூட்டத்துல சண்டை போட்டு ஜெயிச்சவன்தான் தலைவன்னு ஒரு கதை ரொம்ப நாள் ஓடுச்சு. அதைப் பிரபலமாக்கினதுல டேவிட் மெக் 1970ல எழுதின புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவரே காட்டுல போய் வருஷக்கணக்கா பார்த்துட்டு, அது அப்பா அம்மா பிள்ளைங்க இருக்கிற ஒரு குடும்பம்தான், சும்மா குத்துச்சண்டை மேடை இல்லன்னு 1999ல மாத்தி எழுதினார். அவரே மாத்திக்கிட்டார், நாம இன்னும் பேப்பரைச் சுருட்டிட்டு இருக்கோம்.

சரி, அப்ப என்னதான் பண்றது? நாங்க பண்ணினதைச் சொல்றேன்.

முதல் வேலை, பையனோட பழைய ரஃப் நோட்டுல மூணு நாள் எழுதினோம். எப்ப தின்னுச்சு, எப்ப தூங்கி எந்திரிச்சுது, எப்ப எங்க போச்சு. மூணாவது நாளே வெட்ட வெளிச்சமாயிருச்சு. துரை கண்ட நேரத்துல எல்லாம் போகல. தூங்கி எந்திரிச்சதும் போறார். சாப்பிட்டு கால் மணி நேரத்துல போறார். விளையாடி முடிச்சதும் போறார். படுக்கறதுக்கு முன்னாடி போறார். அந்த நேரத்துல எல்லாம் நாங்கதான் டிவி பார்த்துட்டு இருந்திருக்கோம்!

பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒண்ணைக் கூட்டினா, அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் அடக்கி வெக்க முடியும். ரெண்டு மாசக் குட்டின்னா மூணு மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தா. ஓடி விளையாடிட்டு இருந்தா ஒரு மணி நேரமே ஜாஸ்தி. ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திட்டு காலையில ஆறு மணிக்கு வந்து 'ஏன்டா போனே'ன்னு கேக்கறது, கைக்குழந்தையை ஏன் தொட்டில்ல போனேன்னு கேக்கற மாதிரி.

ரெண்டாவது கண்டுபிடிப்பு, அம்மாவோட பால்சோறு. ராத்திரி ஒன்பதரைக்கு யாருக்கும் தெரியாம ஒரு கிண்ணம். "சின்னப் பிள்ளை, வெறும் வயித்தோட எப்படிப்பா தூங்கும்?" நிறைய குட்டிங்களுக்குப் பசும்பால் ஒத்துக்காது, வயித்தால போகும். அதோட அவ்வளவு தண்ணியும் உள்ள போனா ராத்திரி ரெண்டரைக்கு என் காலடியிலதான் வரும். பாலை நிறுத்தி, கடைசிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாத்தினோம். தண்ணியை மட்டும் பகல்ல எப்பவும் குறைக்கல. மதுரை வெயில்ல அது பாவம்.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால இன்னொண்ணு. பெரிய இனக் குட்டி வாங்கினதும் தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்றது, 'கால்சியம் டானிக் ஊத்துங்க, எலும்பு நல்லா வரும்'. டாக்டர் சொல்லாம ஊத்தாதீங்க. சின்னக் குட்டிங்க உடம்புக்கு, அதிகமா வர்ற கால்சியத்தை வேண்டாம்னு ஒதுக்கத் தெரியாது. பெரிய இனத்துல அதுவே எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். குட்டிங்களுக்கான சரியான தீனி போட்டாலே போதும்.

மூணாவது, இடம். பின்பக்கம் முருங்கை மரத்தடியில ஒரே இடம். எந்திரிச்ச உடனே தூக்கிட்டுப் போறது. நடக்க விட்டா ஹாலைத் தாண்டறதுக்குள்ள கதை முடிஞ்சிரும். அங்க விட்டுட்டு ஒரே வார்த்தை, 'போய்ட்டு வா'. பேசாம நிக்கணும். போனதும் அந்த நிமிஷமே, அந்த இடத்துலயே, அவிச்ச கோழியில சுண்டு விரல் நகம் அளவு ஒரு துண்டு, ஒரு சபாஷ். வீட்டுக்குள்ள வந்து குடுத்தா 'உள்ள வந்ததுக்குக் கூலி'ன்னு நினைச்சுக்கும். இன்னொண்ணு, போனதும் உடனே உள்ள இழுத்துட்டு வந்துடாதீங்க. 'போனா ஆட்டம் முடிஞ்சிரும்'னு புரிஞ்சுக்கிட்டு, வெளிய நிக்கறதுக்காகவே அடக்கி வெச்சுக்கிட்டு, உள்ள வந்து விடும். அஞ்சு நிமிஷம் விளையாட விட்டுட்டு கூட்டிட்டு வாங்க.

தடுப்பூசி எல்லாம் முடியற வரைக்கும் தெரு மண்ணுல இறக்கல. பார்வோ வந்தா குட்டி தாங்காது. அதுக்காக வீட்டுக்குள்ளயே பூட்டியும் வெக்கல. மூணு வாரத்துலேர்ந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரைக்கும் பார்க்கற கேக்கறதுதான் ஆயுசு முழுக்க அதுக்குச் சகஜமா இருக்கும். அதனால தோள்ல போட்டுக்கிட்டு பால்காரர், குக்கர் விசில், ஆட்டோ, பக்கத்து வீட்டுப் பாப்பா எல்லாரையும் அறிமுகம் பண்ணினோம்.

உள்ள போயிட்டா? போறதைப் பார்த்தா கத்தாம தூக்கிட்டு முருங்கை மரத்துக்கு ஓடு. போனதுக்கப்புறம் பார்த்தா வாயை மூடிக்கிட்டு துடை. பினாயில் நம்ம மூக்குக்குத்தான் வாசனையை மறைக்குது, அவர் மூக்குக்கு இல்ல. 'ஆகா, இது நம்ம இடம்'னு திரும்ப அங்கயே வருவார். இதுக்குன்னே நொதி கலந்த திரவம் கடையில கிடைக்குது. அது வாங்கற வரைக்கும் வினிகரும் தண்ணியும் கலந்து துடைச்சோம். கண்காணிக்க ஆள் இல்லாத நேரத்துல முழு வீட்டையும் அவருக்கு எழுதி வெக்காம, பழைய பலகையை அடைச்சு ஒரு சின்ன இடம் மட்டும் குடுத்தோம்.

வெள்ளைக் குட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. வெள்ளை நிறத்தோட பிறவிச் செவிடும் சேர்ந்து வர்றது உண்டு. கூப்பிட்டா வரலைன்னு திமிர்ப் பட்டம் கட்டறதுக்கு முன்னாடி, அது பார்க்காதப்ப பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. துரைக்குக் காது கேக்குது. வேணும்னா மட்டும்.

கடைசியா அப்பா. அவர்கிட்ட ஆராய்ச்சி எல்லாம் பேசல. டாக்டர் சொன்னதைச் சொல்லிட்டு, "அப்பா, மணியும் இப்படித்தானப்பா ஆரம்பிச்சுது"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "அன்னிக்கு சாக்கை அவுத்து விட்டுட்டு சைக்கிளை மிதிச்சேன்ல, பாலம் வரைக்கும் பின்னாடியே ஓடி வந்துச்சுடா." இத்தனை வருஷத்துல அவர் அதைப் பத்திப் பேசினது அன்னிக்குத்தான்.

மறுநாள், "நான் நாலு மணிக்கே முழிச்சிருதேன், காலை முறையை நான் பாத்துக்கறேன்"னார். முதல் ஒரு வாரம் துரை அவர்கிட்ட போகவே இல்ல. டாக்டர் சொன்னபடி தரையில உக்காந்து, குட்டியைப் பார்க்காம சுவத்தைப் பார்த்துக்கிட்டு, உள்ளங்கையில கோழித்துண்டை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தார். முட்டி வலியோட தினமும். ஒன்பதாவது நாள் வந்து தின்னுச்சு. அவரைப் பார்த்து மூச்சா போறது நிக்க ஒரு மாசம் பக்கம் ஆச்சு.

இப்ப துரைக்கு நாலரை மாசம். கடைசியா உள்ள போய் பதினாறு நாள் ஆச்சு. நாளைக்கே போகலாம், அதுக்கும் துணி ரெடியா இருக்கு. இப்ப அடுத்த பஞ்சாயத்து, மேல தாவறது. மூணு கிலோ குட்டி தாவினா 'ஐயோ செல்லம்'. அதே பழக்கத்தோட முப்பது கிலோ தாவினா எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு போயிரும். அதனால நாலு காலும் தரையில இருந்தாத்தான் கொஞ்சல்னு சட்டம். சட்டத்தை மீறி முதல்ல கொஞ்சறது எங்கம்மாதான், அது வேற.

என் கட்சி இதுதான் மக்களே. குட்டி வீட்டுக்குள்ள போனா அது குட்டியோட தப்பு இல்ல, அந்த நேரத்துல முழிச்சிருக்க வேண்டிய ஆளோட தப்பு. பெரிய நாய் வாங்க ஆசைப்படறவங்க விலை, கலர், வம்சம் எல்லாம் விசாரிக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு கேள்வி கேளுங்க: ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு, விடியக்காலை அஞ்சு மணிக்கு யாரு, மத்தியானம் யாரு? மூணுக்கும் பேர் வரலைன்னா வாங்காதீங்க. தப்பே இல்ல. அடுத்த வீட்டு நாயைத் தடவிக் குடுத்துட்டுப் போங்க. வாங்கிட்டு, அடிச்சு, பயமுறுத்தி, ஒரு வருஷம் கழிச்சு 'குணம் சரியில்ல'ன்னு ஊருக்கு வெளிய இறக்கி விட்டுட்டு வர்றதுதான் தப்பு.

மணி அஞ்சு ஆகப்போகுது. பின்கதவு திறக்கிற சத்தமும், "போய்ட்டு வா துரை"ன்னு அப்பா குரலும் கேக்குது. நானும் கொஞ்சம் தூங்கறேன்.

பி.கு: ஜமுக்காளம் துவைச்சாச்சு. தங்கமணி இன்னும் நடுநிலைதான். உங்க வீட்டுக் குட்டிங்க எத்தனை நாள்ல வழிக்கு வந்தாங்க, நீங்க எத்தனை நாள்ல வழிக்கு வந்தீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.